டிப்ளமாவை வாங்குமுன்: அமெரிக்காவில் அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான கல்லூரி வழிகள், ஓர் ஒப்பீடு

பன்னிரண்டாம் வகுப்பு முடியும் மே மாதத்தில் பள்ளி நீட்டும் டிப்ளமாவை வாங்குவதா வேண்டாமா என்பதிலேயே பாதி முடிவு அடங்கியிருக்கிறது. அறிவுசார் குறைபாடுள்ள மாணவர் வழக்கமான உயர்நிலைப் பள்ளி டிப்ளமாவைப் பெற்றுக்கொண்டால், ஐடிஇஏ என்னும் சிறப்புக் கல்விச் சட்டம் அவருக்குத் தந்த இலவசக் கல்வி உரிமை அத்துடன் முடிந்தது. டிப்ளமாவுக்குப் பதில் வருகைச் சான்றிதழோ முடிவுச் சான்றிதழோ வாங்கினால் உரிமை தொடரும். பெரும்பாலான மாநிலங்களில் 21 அல்லது 22 வயது வரை, மிச்சிகனில் 26 வரை. இந்த மூன்று நான்கு ஆண்டுகள்தான் கீழே பேசப்போகும் வழிகளில் மிக மலிவான ஒன்றுக்கு நுழைவுச்சீட்டு. பல குடும்பங்கள் அதைப் பட்டமளிப்பு மேடையில் புகைப்படம் எடுக்கும் மகிழ்ச்சியில் கைநழுவ விட்டுவிடுகின்றன. மேடையேறி நடக்கலாம், டிப்ளமாவை மட்டும் பிறகு வாங்கிக்கொள்கிறோம் என்று சொன்னால் ஒப்புக்கொள்ளும் பள்ளி மாவட்டங்கள், அதாவது உள்ளூர் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்புகள், நிறைய உண்டு. கேட்க வேண்டும், அவ்வளவுதான். டிப்ளமா தந்து உரிமையை முடிப்பதாக இருந்தால் பள்ளி எழுத்து மூலம் முன்னறிவிப்புத் தர வேண்டும். அந்தக் கடிதம் வந்தால் குப்பைக் காகிதங்களோடு சேர்த்துவிடாதீர்கள்.

இதைக் கடைசி ஆண்டில் யோசிப்பது தாமதம். சிறப்புக் கல்வி மாணவருக்காகப் பள்ளி எழுதும் தனிக் கல்வித் திட்டமான ஐஇபியில், பள்ளிக்குப் பிந்தைய வாழ்க்கைக்கான டிரான்ஸிஷன் திட்டம் 16 வயதுக்குள் எழுதப்பட வேண்டும் என்பது தேசிய விதி. பல மாநிலங்கள் 14 என்கின்றன. அந்தக் கூட்டத்திலேயே பிள்ளை டிப்ளமா பாதையில் இருக்கிறாரா, சான்றிதழ் பாதையில் இருக்கிறாரா என்று நேராகக் கேட்டு, பதிலை ஐஇபியில் எழுத வையுங்கள்.

சட்டம் திறந்த கதவு

கல்லூரிக் கதவைத் திறந்தது 2008-ஆம் ஆண்டின் உயர்கல்வி வாய்ப்புச் சட்டம். அறிவுசார் குறைபாடுள்ள மாணவர்களுக்கென்று கல்லூரிகள் நடத்தும், சிடிபி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் திட்ட வகையை அது வகுத்தது. அமெரிக்கக் கல்வித் துறையின் ஒப்புதல் பெற்ற சிடிபி திட்டத்தில் சேரும் அறிவுசார் குறைபாடுள்ள மாணவருக்கு டிப்ளமா தேவையில்லை, பட்டப்படிப்பில் சேர்ந்திருக்க வேண்டியதும் இல்லை. அப்படியே, வருமானம் குறைந்த குடும்பங்களுக்கான பெல் கிராண்ட் என்னும் உதவித்தொகை உட்பட மூன்று வகை மத்திய உதவி கிடைக்கும். கடன் மட்டும் கிடைக்காது. 2010 முதல் மத்திய அரசு ஐந்தாண்டுச் சுழற்சியில் மானியம் தந்து பல கல்லூரிகளில் இத்தகைய திட்டங்களைத் தொடங்க வைத்தது. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் பாஸ்டன் வளாகத்தில் இயங்கும் 'திங்க் காலேஜ்' மையம் நாடு முழுவதும் உள்ள முந்நூறுக்கும் மேற்பட்ட திட்டங்களின் பட்டியலை வைத்திருக்கிறது. மாநிலம், தங்குமிடம், சிடிபி ஒப்புதல் என்று வடிகட்டித் தேடலாம். தேடலை அங்கேதான் தொடங்க வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் வரும் பெயர்கள் பெரும்பாலும் கால்பந்துக்காகப் புகழ்பெற்ற பல்கலைக்கழகங்களாகவே இருக்கும்.

ஒரு விஷயத்தைத் தொடக்கத்திலேயே தெளிவாக்கிக்கொள்வது நல்லது. இவற்றில் பெரும்பாலானவை தருவது பட்டமல்ல, சான்றிதழ். முதுகலைக்கு இட்டுச் செல்லாது, இந்தியாவில் பட்டத்துக்கு இணையாகக் காட்டவும் முடியாது. வேலைக்கு எடுப்பவரும் அந்தச் சான்றிதழைப் பார்த்து எடுப்பதில்லை. அப்படியானால் எதற்கு இவ்வளவு செலவு? காலையில் தானாக எழுந்து, பேருந்து பிடித்து, தன் வயதுக்காரர்களோடு வகுப்பில் உட்கார்ந்து, மாலையில் சம்பள வேலைக்குப் போய்ப் பழகும் வாரங்கள் பிள்ளைக்குக் கிடைக்கின்றன. வாங்குவது அந்த வாரங்களைத்தான். அதனால் திட்டங்களை ஒப்பிடும்போது பெயரையும் கட்டடத்தையும் விட்டுவிட்டு ஒரு சாதாரண வாரம் எப்படிப் போகிறது என்று பார்ப்பதே சரியான அளவுகோல்.

பள்ளியின் செலவில் கல்லூரி

முதல் வழி, 18 வயதுக்குப் பிறகும் பள்ளி மாவட்டத்தின் பதிவிலேயே இருந்துகொண்டு கல்லூரிக்குப் போய்வருவது. டூயல் என்ரோல்மென்ட் அல்லது கன்கரன்ட் என்ரோல்மென்ட் என்பார்கள். இதில் நன்கு வேரூன்றியது மாசசூசெட்ஸ் மாநிலத்தின் திட்டம். 2007-இல் தொடங்கிய அந்த முயற்சியில் 18 முதல் 22 வயது வரையுள்ள மாணவர்கள் அரசுக் கல்லூரிகளின் சாதாரண வகுப்புகளில் உட்காருகிறார்கள். பள்ளி மாவட்டமும் கல்லூரியும் கூட்டாக நடத்துகின்றன. மற்ற மாநிலங்களில் மாவட்டத்துக்கு மாவட்டம் நிலைமை வேறு. சிலவற்றில் பக்கத்துச் சமூகக் கல்லூரியோடு, அதாவது உள்ளூர் இரண்டாண்டு அரசுக் கல்லூரியோடு, ஒப்பந்தம் இருக்கும். சிலவற்றில் '18 பிளஸ்' வகுப்பு என்ற பெயரில் பழைய பள்ளியின் ஓர் அறையில் துணி மடித்துக்கொண்டிருப்பார்கள்.

செலவு ஏறத்தாழ இல்லை என்பது இதன் பெரிய பலம். கல்விக் கட்டணம், உதவியாளர், போக்குவரத்து ஆகியவற்றை ஐஇபியில் எழுத வைத்தால் அவற்றை மாவட்டம்தான் ஏற்க வேண்டும். போக்குவரத்தை எழுதத் தவறுவதுதான் வழக்கமாக நடக்கும் பிழை. கல்லூரியில் இடம் கிடைத்த பிறகு, வாரம் மூன்று நாள் காலை ஒன்பதரைக்கு யார் கொண்டுவிடுவது என்பதில் திட்டமே தடுமாறும். எழுத வைக்கும்போதும் பள்ளிப் பேருந்து என்று மட்டும் எழுதாமல், நகரப் பேருந்தில் தனியாகப் போகக் கற்றுத்தரும் பயிற்சியையும் ஒரு குறிக்கோளாகச் சேர்த்துவிடுங்கள். கல்லூரிப் பாடத்தைவிட அது நீண்ட நாள் உதவும்.

பலவீனம், பிள்ளை இரண்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பது. பள்ளி நாள்காட்டியும் கல்லூரி நாள்காட்டியும் ஒத்துவராது. வசந்த விடுமுறை வெவ்வேறு வாரத்தில் வரும். பள்ளி அனுப்பும் உதவியாளர் வகுப்பில் பக்கத்திலேயே ஒட்டி உட்கார்ந்தால் வேறு மாணவர் யாரும் பேச வரமாட்டார்கள். உதவியாளர் வகுப்புக்கு வெளியே இருக்கட்டும், உள்ளே குறிப்பெடுக்க ஒரு சக மாணவர் போதும் என்று கேட்கலாம். பள்ளிப் பதிவில் இருக்கும் காலத்தில் பெல் கிராண்டை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்தில் முன்பே கேட்டுவிடுங்கள்.

வீட்டிலிருந்து போய்வரும் திட்டங்கள்

பள்ளி உரிமை முடிந்தவர்களுக்குச் சமூகக் கல்லூரியும் உள்ளூர் பல்கலைக்கழகமும் நடத்தும் திட்டங்கள் உண்டு. கட்டணம் குறைவு, பழகிய ஊர், பழகிய சாப்பாடு. வகுப்பு இருக்கும் மூன்று நாட்களைத் தவிர மற்ற நாட்கள் வெறுமையாகிவிடுவதுதான் இதிலுள்ள ஆபத்து. பன்னிரண்டு மணிக்கு வகுப்பு முடிந்ததும் அம்மா வந்து கூட்டிப்போய்விட்டால், கல்லூரியில் நட்பு உருவாகும் நேரம் முழுவதும், அதாவது மதியச் சாப்பாடு, உடற்பயிற்சிக் கூடம், சங்கக் கூட்டங்கள் எல்லாம், கைவிட்டுப் போகும். இந்த வழியைத் தேர்ந்தால் மாலை நான்கு மணிக்கு முன் கூப்பிடப் போகக்கூடாது என்று வீட்டில் ஒரு விதி வைத்துக்கொள்வது நல்லது.

சியாட்டில் பக்கத்துக் குடும்பங்கள் கேட்கும் பெல்வியூ கல்லூரியின் ஓஎல்எஸ் திட்டம் இங்கே ஒரு விதிவிலக்கு. அறிவுசார் குறைபாடுள்ளோருக்கென்றே, இளங்கலைக்குக் கீழான அசோசியேட் பட்டம் தரும்படி அமைக்கப்பட்டது அது. பட்டம் என்ற சொல் நம்மவர்களை ஈர்க்கும். ஆனால் வகுப்புகள் இந்த மாணவர்களுக்கென்றே தனியானவை. மற்ற மாணவர்களோடு கலந்து படிக்கும் திட்டம் என்ற பொருளில் பார்த்தால் அது வேறு வகை. வேகமான பெரிய வகுப்பில் திணறும் பிள்ளைக்கு அதுவே பொருத்தமாகவும் இருக்கலாம். எதற்காகப் போகிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

வளாகத்தில் தங்கிப் படிப்பது

எல்லோரும் கனவு காண்பது இதைத்தான். வர்ஜீனியாவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகம் 2002 முதலே 'மேசன் லைஃப்' திட்டத்தை நடத்துகிறது. தென் கரோலினாவில் 'கிளெம்சன் லைஃப்', டென்னசியில் வாண்டர்பில்ட்டின் 'நெக்ஸ்ட் ஸ்டெப்ஸ்', நியூயார்க்கில் சிரக்கியூஸின் 'இன்குளூசிவ் யு', டெக்சாஸ் ஏ அண்ட் எம்மின் 'ஆகி அச்சீவ்' ஆகியவை பெயர்பெற்றவை. எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்துப் பேச முடியாது. சில இரண்டாண்டு, சில நான்காண்டு. கிளெம்சனில் முதலில் இரண்டாண்டு அடிப்படைப் படிப்பு, தேறியவர்களுக்கு மேலும் இரண்டாண்டு என்ற அமைப்பு. சிரக்கியூஸில் மாணவர்கள் பல்கலைக்கழகத்தின் வழக்கமான வகுப்புகளையே தங்கள் விருப்பப்படி எடுத்து நான்காண்டு படிக்கிறார்கள்.

சட்டம் கேட்பது இதுதான்: மாணவரின் பங்கேற்பில் குறைந்தது பாதி, குறைபாடு இல்லாத மாணவர்களோடு சேர்ந்து இருக்க வேண்டும். இந்தப் பாதியை மதிப்பெண் கணக்கில் சேரும் கிரெடிட் வகுப்புகளால் நிரப்பலாம், மதிப்பெண் இல்லாமல் உட்கார்ந்து கற்கும் ஆடிட் வகுப்புகளால் நிரப்பலாம், கிரெடிட் இல்லாத குறும்படிப்புகளால் நிரப்பலாம், மற்றவர்களோடு செய்யும் இன்டர்ன்ஷிப்பாலும் நிரப்பலாம். எந்த விகிதத்தில் என்பதைக் கல்லூரியே முடிவு செய்யும். ஆகவே சிடிபி ஒப்புதல் பெற்ற இரண்டு திட்டங்களில் ஒன்றில் பிள்ளை வரலாறும் நாடகக் கலையும் படித்துக்கொண்டிருப்பார். இன்னொன்றில் சாதாரண வகுப்பு ஒன்றுகூட இல்லாமல் நூலகத்தில் புத்தகம் அடுக்கும் இன்டர்ன்ஷிப் மட்டுமே கணக்கில் வந்திருக்கும். சட்டத்துக்கு இரண்டும் சரி.

இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, இரண்டாம் பருவத்தில் இருக்கும் ஒரு மாணவரின் உண்மையான வார அட்டவணையை, பெயரை மறைத்துவிட்டு, மணி வாரியாகக் கேட்பது. மாதிரி அட்டவணை வேண்டாம். வந்த அட்டவணையில் மூன்று நிறத்தில் கோடிடுங்கள்: மற்ற மாணவர்களோடு இருக்கும் நேரம், இத்திட்டத்து மாணவர்கள் மட்டும் இருக்கும் நேரம், ஒன்றும் இல்லாத நேரம். இரண்டு சாதாரண வகுப்புகள் வாரம் ஆறு மணி, சம்பள வேலை பத்து மணி, ஒரு சங்கம் இரண்டு மணி என்று வந்தால் பதினெட்டு மணி நேரம் கலந்திருக்கிறார். அது நல்ல வாரம். 'தன்னம்பிக்கைக் கருத்தரங்கு', 'வாழ்வியல் திறன்', 'உடல்நலம்' என்று பன்னிரண்டு மணி நேரம் தனி அறையிலேயே போனால், வளாகத்துக்குள் இன்னொரு சிறப்புப் பள்ளி என்று புரிந்துகொள்ளுங்கள். மற்ற மாணவர்கள் அந்த அறைக்குத் தன்னார்வலர்களாக வந்து போவதையே கலந்து படிப்பது என்று சொல்லும் திட்டங்களும் உண்டு. திசை தலைகீழ்.

பியர் மென்டர்கள், அதாவது கூடவே வரும் சக மாணவர்கள், எப்படி வருகிறார்கள் என்பதும் முக்கியம். சம்பளம் வாங்கும் மென்டரும் கிரெடிட்டுக்காக வரும் மென்டரும் பருவம் முழுக்க வருவார்கள். முழுத் தன்னார்வத்தில் வருபவர்கள் தேர்வு வாரங்களில் காணாமல் போவார்கள். நம் பிள்ளைக்கு உதவி மிக அதிகமாகத் தேவைப்படுவதும் அதே வாரங்களில்தான்.

கிரெடிட்டா ஆடிட்டா என்று கேட்டால், முதல் ஆண்டில் ஆடிட் என்பதே எங்கள் சாய்வு. கிரெடிட் எடுத்தால் பாடத்தின் அடிப்படை அளவைக் குறைக்கச் சொல்ல உரிமை இல்லை. கல்லூரியில் ஐஇபி கிடையாது. குறைபாடுள்ளோருக்கு எதிரான பாகுபாட்டைத் தடுக்கும் ஏடிஏ சட்டமும் 504-ஆம் பிரிவும் தருவது கூடுதல் நேரம், குறிப்பெடுக்கும் உதவி போன்ற வசதிகளை மட்டும்தான். அதையும் மாணவரே போய்க் கேட்க வேண்டும். ஆடிட்டில் பேராசிரியரோடு ஒரு கற்றல் ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாம். மற்றவர்கள் பத்துப் பக்கக் கட்டுரை எழுதும் இடத்தில் இவர் ஐந்து படங்களோடு வகுப்பில் பேசுவார் என்பது போல. ஒப்பந்தம் வாய்மொழியாக இருந்தால் மூன்றாம் வாரம் மறந்துபோகும். ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும்.

தங்குமிடத்தில் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்பதைச் சேர்க்கை விவரங்களில் மென்மையாக எழுதியிருப்பார்கள். நேராகச் சொன்னால்: குளியலும் கழிப்பறையும் சொந்தப் பொறுப்பு. மருந்து சொந்தப் பொறுப்பு. யாரும் இல்லாமல் சில மணி நேரம் பாதுகாப்பாக இருக்கத் தெரிய வேண்டும். இரவு இரண்டு மணிக்குத் தீ எச்சரிக்கை மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கடியில் போகாமல் வெளியே வர வேண்டும். இரவு முழுக்கப் பணியாளர் கூடவே இருக்கும் திட்டங்கள் குறைவு. நேர்காணலில் பெற்றோரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுப் பிள்ளையிடம் மட்டும் பேசுவார்கள். "எதற்குக் கல்லூரிக்கு வர விரும்புகிறாய்?" என்ற கேள்விக்கு "அம்மா சொன்னாங்க" என்பது பதிலாக வந்தால் கதை அங்கேயே முடிந்தது. பல திட்டங்களில் ஓர் ஆண்டில் பத்து இருபது இடங்கள்தான்.

நம் வீடுகளில் இருக்கும் தனிச் சிக்கல் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பத்தொன்பது வயதுப் பிள்ளைக்குச் சோறு பிசைந்து கொடுப்பதும் துணி எடுத்து வைப்பதும் பாசம்தான். ஆனால் கல்லூரி விடுதியில் அந்தப் பாசத்துக்கு ஆள் இல்லை. விண்ணப்பத்துக்கு ஓராண்டு முன்பே தொடங்க வேண்டிய வேலைகள்: அலாரத்துக்குத் தானே எழுவது, ஏழு அறை மாத்திரைப் பெட்டியை ஞாயிறுதோறும் தானே நிரப்புவது, எலக்ட்ரிக் குக்கரில் ஒரு கப் அரிசிக்கு இரண்டு கப் தண்ணீர் வைத்துச் சோறு வடிக்காமல் ஆக்குவது, டெபிட் கார்டில் வாரம் இருபது டாலருக்குள் செலவு செய்வது, பேருந்து தவறிவிட்டால் யாருக்கு, என்ன என்று குறுஞ்செய்தி அனுப்புவது. கடைசியாகச் சொன்னதை வேண்டுமென்றே ஒரு நாள் பேருந்தைத் தவறவிட்டுப் பழக்க வேண்டும். நல்ல நாளில் மட்டும் பழகியது கெட்ட நாளில் கைகொடுக்காது.

முதல் ஆறு வாரங்களில் வரும் வீட்டு ஏக்கத்தில் தினமும் நான்கு வீடியோ அழைப்பு என்று ஆகிவிடும். அழைப்பை நிறுத்தச் சொல்வதைவிட நேரம் குறித்துவிடுங்கள். இரவு எட்டு மணி, பதினைந்து நிமிடம். நண்பர்கள் சாப்பிடக் கூப்பிடும் ஆறு மணியில் அம்மா திரையில் இருக்கக்கூடாது.

வேலையிலேயே வகுப்பு

எந்தப் பாடத்திலும் ஆர்வமில்லை, ஆனால் வேலை செய்வதில் உயிரே இருக்கிறது என்னும் பிள்ளைகளுக்குக் கல்லூரியைவிட 'பிராஜெக்ட் சர்ச்' பொருந்தும். 1996-இல் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையில் தொடங்கியது. அவசரப் பிரிவில் பொருள்களை நிரப்பி அடுக்கும் வேலையில் ஆட்கள் நிலைக்காமல் போய்க்கொண்டிருந்ததுதான் அதற்குக் காரணம். இன்று மருத்துவமனைகள், நிறுவனங்கள் பலவற்றில் நடக்கிறது. ஒரு கல்வியாண்டு முழுவதும் பணியிடத்திலேயே. எட்டு முதல் பன்னிரண்டு பேர் கொண்ட குழு. தினமும் சிறிது நேரம் வகுப்பு, மீதி நேரம் வேலைப் பயிற்சி. ஆண்டுக்குள் மூன்று வெவ்வேறு பிரிவுகள். பெரும்பாலும் பள்ளியின் கடைசி ஆண்டில் சேர்வது என்பதால் செலவு குடும்பத்துக்கு இல்லை. வாரம் 16 மணி நேரமோ அதற்கு மேலோ, மற்றவர்கள் வாங்கும் அதே சம்பளத்தில் நிரந்தர வேலை கிடைத்தால்தான் அதை வெற்றி என்று அவர்கள் கணக்கில் எழுதுகிறார்கள். கல்லூரித் திட்டங்கள் பல இவ்வளவு கறாராகத் தங்களை அளப்பதில்லை என்பதை இங்கே குறிப்பிடாமல் போக முடியாது.

குறை, நட்பும் வயதுக்குரிய வாழ்க்கையும் இதில் குறைவு. சுற்றி இருப்பவர்கள் எல்லாரும் வேலையில் இருக்கும் பெரியவர்கள். சில குடும்பங்கள் இரண்டாண்டு கல்லூரிக்குப் பிறகு, பள்ளி உரிமையின் கடைசி ஆண்டை இதற்கு வைத்துக்கொள்கின்றன. அதற்கு டிப்ளமாவை வாங்காமல் இருந்திருக்க வேண்டும்.

பணம்

வளாகத்தில் தங்கும் திட்டங்களில் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, திட்டத்தின் தனிக் கட்டணம் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 40,000 டாலரைத் தாண்டுவது அரிதல்ல. பட்டியலில் கல்விக் கட்டணம் மட்டும் பெரிய எழுத்தில் இருக்கும். திட்டக் கட்டணம் வேறு பக்கத்தில் இருக்கும். நான்கையும் ஒரே தாளில் எழுதச் சொல்லிக் கேளுங்கள்.

பெல் கிராண்டின் உச்சம் 2025–26-க்கு 7,395 டாலர். இரண்டு பேர் ஐடி வேலையில் இருக்கும் வீட்டுக்குப் பெரும்பாலும் ஒன்றும் வராது. ஆனாலும் மத்திய உதவிக்கான ஃபாஃப்சா விண்ணப்பத்தைப் போடுங்கள். மற்ற உதவிகள் அதைக் கேட்கும். பள்ளி முடித்த நிலை என்ற கேள்விக்கு, டிப்ளமா இல்லாத மாணவர் 'இவற்றில் எதுவுமில்லை' என்பதைத் தேர்வு செய்ய வேண்டும். பதற வேண்டாம். அறிவுசார் குறைபாடு பற்றி ஃபாஃப்சாவில் கேள்வியே இல்லை என்பதால், கணினி தகுதியில்லை என்றுதான் எடுத்துக்கொள்ளும். நிதியுதவி அலுவலகத்தை நீங்களே அழைத்து, சிடிபி மாணவர் என்று சொல்லி, ஆவணம் தர வேண்டும். ஐஇபியில் 'ஆட்டிசம்' என்று மட்டும் இருந்தால் இங்கே மாட்டிக்கொள்ளும். அறிவுசார் குறைபாடு இருப்பதைக் காட்டும் உளவியல் மதிப்பீடு தனியாக வேண்டும். பள்ளியை விடுமுன் பள்ளிச் செலவிலேயே புதிய மதிப்பீடு ஒன்றைக் கேட்டு வாங்கிவிடுங்கள். வெளியே எடுத்தால் ஆயிரக்கணக்கில் போகும். தவிர, பல திட்டங்கள் மூன்றாண்டுக்கு மேற்பட்ட அறிக்கையை ஏற்காது.

விஆர் எனப்படும் மாநில வேலைவாய்ப்பு மறுவாழ்வு அலுவலகம் சில மாநிலங்களில் கட்டணத்தின் ஒரு பங்கைத் தருகிறது, சில மாநிலங்களில் வேலைப் பயிற்சியாளருக்கு மட்டும் தருகிறது. கோப்பைப் பள்ளிக் காலத்திலேயே திறந்துவிட வேண்டும். 2014-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு பள்ளி மாணவர்களை வேலைக்குத் தயார்ப்படுத்தும் சேவைகளுக்கு அந்த நிதியில் 15 சதவீதம் ஒதுக்கப்பட்டுள்ளது. வீட்டிலேயே பராமரிப்பு உதவி தரும் மெடிக்கெய்டு வெய்வருக்கான வரிசை பல மாநிலங்களில் ஆண்டுக்கணக்கில் நீளும். இன்னொரு மாநிலத்துக்குக் குடிபோனால் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். பிள்ளைக்கு 18 ஆனதும், குறைபாடுள்ளோருக்கு மத்திய அரசு தரும் மாத உதவியான எஸ்எஸ்ஐயின் கணக்கில் பெற்றோர் வருமானம் சேராது. முன்பு மறுக்கப்பட்டவர்கள் அந்தப் பிறந்தநாளுக்கு அடுத்த மாதம் மீண்டும் விண்ணப்பிக்கலாம். 22 வயதுக்குள் வாரம் எட்டு மணி நேரமாவது கல்லூரி வகுப்பில் இருப்பவரின் சம்பளத்தில் ஒரு பகுதியைக் கணக்கில் எடுக்கமாட்டார்கள். 2025-இல் அதன் வரம்பு மாதம் 2,350 டாலர், ஆண்டுக்கு 9,460. அதனால் பிள்ளை வேலைக்குப் போனால் உதவி நின்றுவிடும் என்று பயந்து நிறுத்தி வைக்கத் தேவையில்லை.

ஆனால் எஸ்எஸ்ஐயின் சொத்து வரம்பு 2,000 டாலர்தான். தாத்தா ஊரில் பேரன் பேரில் போட்ட வைப்புநிதி இதில் சேரும். அன்பளிப்புகளை 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த, குறைபாடுள்ளோருக்கான ஏபிள் சேமிப்புக் கணக்குக்குத் திருப்பிவிடுவது பாதுகாப்பு.

விசா கேள்வி

மேலே சொன்ன உதவிகளில் பெரும்பாலானவை, பெற்றோரின் எச்-1பி பணி விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைக்கு மூடியவை. மத்திய உதவிக்குக் குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும். எஸ்எஸ்ஐக்குக் கிரீன் கார்டு மட்டும்கூடப் பொதுவாகப் போதாது. ஐந்தாண்டுக் காத்திருப்பும் நாற்பது காலாண்டு உழைப்புக் கணக்கும் உண்டு. பிள்ளைக்கு 18 ஆகுமுன் பெற்றோர் உழைத்த காலாண்டுகளை அதில் சேர்த்துக்கொள்ளலாம். விஆர் உதவிக்கு வேலை செய்யும் அனுமதி தேவை. திறந்திருக்கும் கதவு அரசுப் பள்ளி ஒன்றுதான். அங்கே குடிவரவு நிலையைக் காரணம் காட்டித் தடுக்க முடியாது என்பது 1982-இலேயே உச்ச நீதிமன்றம் தீர்த்த விஷயம். ஆகவே எச்-4 குடும்பங்களுக்குப் பள்ளிச் செலவில் கல்லூரி என்ற முதல் வழியைத்தான் தயங்காமல் பரிந்துரைக்கிறோம்.

அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. எச்-4 நிலை 21 வயதோடு முடிகிறது. பள்ளி உரிமை 22 வரை என்று நம்பியிருந்தால் அந்த ஓராண்டு அந்தரத்தில் நிற்கும். தங்கிப் படிக்கும் திட்டத்துக்காக எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறலாம் என்று நினைத்தால், பட்டமில்லாத இந்தத் திட்டத்துக்குக் கல்லூரி அந்த விசாவுக்கு வேண்டிய ஐ-20 படிவம் தருமா என்பதுதான் முதல் கேள்வி. சில கல்லூரிகள் தருவதில்லை. தந்தாலும் முழுநேரப் படிப்பு விதியும், சம்பள இன்டர்ன்ஷிப்புக்கு முன் அனுமதியும் சேர்ந்து வரும். திட்ட அலுவலரிடம் கேட்டால் தெரியாமல் 'பார்க்கலாம்' என்பார். சர்வதேச மாணவர் அலுவலகத்திடம் நேரடியாக மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். பிள்ளைக்குப் பத்தொன்பது ஆகும்போதே குடிவரவு வழக்கறிஞரைப் பார்த்துவிடுவது நல்லது.

பதினெட்டு வயதுக் கையெழுத்து

கல்லூரியில் சேர்ந்த அன்றிலிருந்து மதிப்பெண், வருகை, மருத்துவக் குறிப்பு எதையும் பொதுவாக உங்களுக்குச் சொல்லமாட்டார்கள். பிள்ளை எழுதித் தரும் ஒப்புதல் இருந்தால் சொல்லலாம். அதற்காக எல்லாரும் ஓடிப்போய் முழுப் பாதுகாவலர் உத்தரவு வாங்க வேண்டியதில்லை. அது பிள்ளையின் உரிமைகள் பலவற்றை நீதிமன்றம் வழியாக எடுத்துவிடும், திரும்பப் பெறுவது கடினம். டெக்சாஸ் 2015-இல் முதலில் சட்டமாக்கிய ஆதரவுடன் முடிவெடுத்தல் முறை இன்று பல மாநிலங்களில் உண்டு. அதோடு மருத்துவ, நிதி அதிகாரப் பத்திரங்களும் கல்லூரி ஒப்புதல் படிவமும் சேர்ந்தால் பெரும்பாலான குடும்பங்களுக்குப் போதும்.

எதை யார் தேர்வது

பள்ளி உரிமை இன்னும் இருக்கிறது, மாவட்டத்துக்கு ஒரு கல்லூரி ஒப்பந்தமும் இருக்கிறது என்றால், வளாகத்தில் தங்கும் கனவை இரண்டாண்டு தள்ளிப்போடுங்கள். இருபதில் போகும் பிள்ளை பதினெட்டில் போகும் பிள்ளையைவிட நன்றாகத் தாக்குப்பிடிக்கும். பணமும் மிச்சம். ஒப்பந்தமே இல்லாத மாவட்டம் என்றால் ஐஇபி கூட்டத்தில் பக்கத்துச் சமூகக் கல்லூரியில் ஒரு வகுப்பு என்ற சிறிய கோரிக்கையோடு தொடங்கலாம். முன்மாதிரி இல்லை என்று சொல்வார்கள். திங்க் காலேஜ் பட்டியலில் அதே மாநிலத்தில் இருக்கும் ஒரு திட்டத்தை அச்சடித்துக் கொண்டுபோங்கள்.

உரிமை முடிந்தது, குடியுரிமையும் வசதியும் இருக்கிறது, பிள்ளை தனியாக இருக்கப் பழகியவர் என்றால் நான்காண்டு தங்கும் திட்டம். பழகாதவர் என்றால் போய்வரும் திட்டம், மாலை நான்கு மணி விதியோடு. கூட்டமும் சத்தமும் தாங்காத, ஆனால் ஒரு வேலையைப் பிடித்தால் விடாத பிள்ளைக்குப் பணியிடப் பயிற்சி. இரண்டாண்டா நான்காண்டா என்று தடுமாறினால், கடைசி ஆண்டில் சம்பள வேலை எத்தனை மணி நேரம் என்று பாருங்கள். நான்காம் ஆண்டிலும் சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்தான் என்றால் அந்தக் கூடுதல் இரண்டாண்டுக்குப் பொருளில்லை.

வளாகத்தைப் பார்க்கப் போகும்போது வழிகாட்டி மாணவர் உணவகத்தையும் மைதானத்தையும் காட்டுவார். அது முடிந்ததும், இரண்டாண்டுக்கு முன் படிப்பை முடித்துப் போன மூன்று பேருடைய பெற்றோரோடு பேச வழி செய்து தரச் சொல்லுங்கள். தர மறுத்தால் அதுவும் ஒரு பதில். பேசக் கிடைத்தால் கல்லூரியைப் பற்றி அதிகம் கேட்க வேண்டாம். சாதாரண ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிக்கு உங்கள் பிள்ளை இப்போது எங்கே இருப்பார், அவரை அங்கே கொண்டுவிட்டது யார் என்று மட்டும் கேளுங்கள்.